கேபிளை அறுத்தவர்கள்

நம் இலக்கிய வட்டாரத்தில் சமீப காலமாக ஒரு புதுப் பெருமிதம் தென்படுகிறது. 'வீட்டில் கேபிளை எடுத்துவிட்டேன்' என்று சொல்லிக்கொள்ளும் பெருமிதம். சீரியல்களின் அழுகையிலிருந்தும் இரவு விவாதங்களின் கூச்சலிலிருந்தும் விடுபட்டு, ஓடிடியில் தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்துகொள்ளும் சுதந்திர மனிதனாகிவிட்டதாக இவர்கள் நம்புகிறார்கள். வெகுஜனக் கலாச்சாரத்துக்கு எதிராக ஏதோ தீர்மானம் நிறைவேற்றிவிட்ட பாவனை. இந்த நம்பிக்கையைக் கொஞ்சம் கறாராகப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

முதலில், யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிருக்கிறோம்? 1993-ல் சன் டி.வி.யைத் துவக்கிய ஸ்தாபனம்தான் 2017-ல் சன் நெக்ஸ்டைக் கொண்டுவந்தது. விஜய் டி.வி.யும் ஜியோஹாட்ஸ்டாரும் இன்று ஒரே கம்பெனியின் சொத்துக்கள். கூடத்தில் ஏழு மணிக்கு ஓடிய அதே சீரியல் இப்போது படுக்கையறையில் பதினொரு மணிக்குச் செல்போனில் ஓடுகிறது. விளம்பரத் தொல்லை இல்லை என்ற சமாதானமும் நிலைக்கவில்லை. அமேசான் பிரைம் வீடியோ 2025 ஜூனிலிருந்து இந்தியாவில் படங்களுக்கு நடுவே விளம்பரம் போடுகிறது. வேண்டாமென்றால் அதற்குத் தனிப் பணம். கேபிள் சானல்களைக் கட்டுக்கட்டாக விற்றது போலவே, பிராட்பேண்ட் கம்பெனிகள் இன்று ஓடிடிகளைக் கட்டுக்கட்டாக விற்கின்றன. ஒரே வித்தியாசம், கேபிள்காரர் மாதாமாதம் வாசலில் வந்து நிற்பார். படம் சரியாகத் தெரியவில்லை என்று அவரோடு சண்டை போடலாம். இப்போது பணம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிகிறது. சண்டை போட ஆள் இல்லை.

இதுவெல்லாம் வியாபாரம். என் கவலை வேறு. தேர்வு என்பதையே ரசனை என்று நாம் நம்பத் தொடங்கியிருக்கிறோம்.

எண்பதுகளில் ஞாயிறு பிற்பகல்களில் தூர்தர்ஷன், விருது பெற்ற பிறமொழிப் படங்களை ஆங்கில சப்டைட்டிலோடு காட்டியது. பெரும்பாலான ஊர்களில் அன்று வேறு சானல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பின் வேறு வழியில்லாமல் உட்கார்ந்து ஒரு மலையாளப் படத்தையோ வங்காளப் படத்தையோ பார்த்ததாக எனக்கு முந்திய தலைமுறையினர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் யாரும் அந்தப் படங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. பலர் கொட்டாவி விட்டிருப்பார்கள். ஆனால் சிலருக்குள் ஏதோ நகர்ந்தது. ரசனை உருவாவது இப்படித்தான்: நாம் கேட்காத ஒன்று நம் எதிரே வந்து நிற்கும்போது. ஏற்கனவே பார்த்ததைப் போன்ற இன்னொன்றை எடுத்து நீட்டும் யந்திரத்தால் நம் பழக்கத்தை வளர்க்க முடியும். ரசனையை வளர்க்க முடியாது. நெட்ஃபிளிக்ஸ் ஒரே படத்துக்கு ஆளுக்குத் தக்கபடி வேறு வேறு சித்திரங்களைப் போஸ்டராகக் காட்டுகிறது. 2017-ல் அந்தக் கம்பெனியே இதைப் பெருமையாக விளக்கி எழுதியிருக்கிறது. காதல் கதை விரும்புகிறவனுக்கு ஒரு முகம், ஹாஸ்யம் விரும்புகிறவனுக்கு இன்னொரு முகம். தெருச் சுவரில் ஒட்டிய போஸ்டராவது எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது.

விமர்சனத்துக்கு இது ஜீவாதாரமான பிரச்னை. சீரியல் மட்டமானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதன் மட்டம் பகிரங்கமானது. ஒருவன் அதைத் திட்ட வாயெடுத்தால், எதைத் திட்டுகிறான் என்பது எதிரே நிற்பவனுக்குத் தெரியும். விமர்சனம் நடக்க இந்தப் பொது இடம் வேண்டும். ஆளுக்கொரு திரையில் ஆளுக்கொரு படம் என்றாகிவிட்ட பின், விமர்சகன் வெறும் சிபாரிசுக்காரனாகிவிடுகிறான்.

ஓடிடியால் நல்ல படமே வரவில்லையா என்று கேட்பார்கள். வந்திருக்கிறது. உதாரணமாக மடோன் அஸ்வினின் 'மண்டேலா'. ஆனால் அது வந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு ஜாதிகளாகப் பிளந்து கிடக்கும் கிராமத்தில், ஒரு நாவிதரின் ஒற்றை ஓட்டு பஞ்சாயத்துத் தேர்தலைத் தீர்மானிக்கும் கதை. 2021 ஏப்ரல் 4, ஞாயிறு அன்று முதலில் விஜய் டி.வி.யில் ஒளிபரப்பானது, அதன் பிறகே நெட்ஃபிளிக்ஸுக்குப் போனது. ஏப்ரல் 6 அன்று தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல். 2006-ல் வந்த அரசு இலவசக் கலர் டி.வி. கொடுத்து, 2011-ல் வந்த அரசு மாதம் 70 ரூபாய்க்குக் கேபிள் கொடுத்த மாநிலம் இது. ஓட்டை விலை பேசுவதைப் பற்றிய படம், ஓட்டுப் போட இரண்டு நாள் இருக்கையில், அந்த டி.வி.களுக்கே போய்ச் சேர்ந்தது. நெட்ஃபிளிக்ஸில் அது இன்னொரு தமிழ்ப் படம். விஜய் டி.வி.யில் அன்று அது ஒரு பொது நிகழ்ச்சி.

கேபிளை மறுபடி இழுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதன் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. அதற்காகக் கண்ணீர் விட ஒன்றுமில்லை. ஆனால் அது தற்செயலாகத் தந்துகொண்டிருந்ததை இனி நாம் பிரக்ஞையோடு செய்தாக வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து, யந்திரம் சிபாரிசு செய்யாத ஒரு படத்தை, தங்களுக்குப் பிடிக்காமல் போகக்கூடிய ஒரு படத்தை, ஒரே வாரத்தில் பார்ப்பது. பிறகு அதைப் பற்றி எழுத்தில் சண்டை போடுவது. ஃபிலிம் சொஸைட்டிகள் செய்த காரியம்தான். 'அவசியம் பார்க்க வேண்டிய பத்துப் படங்கள்' என்று பட்டியல் போடும் வேலையைச் சிறுபத்திரிகை கம்பெனிகளுக்கே விட்டுவிடலாம். அவர்கள் நம்மைவிட அதை நன்றாகச் செய்கிறார்கள்.