ரெண்டு இஞ்ச் உசரம்

திண்டிவனம்-மரக்காணம் ரோட்டில், பெருமுக்கல் மலையடிவாரத்து டீக்கடையில் ஒரு தார் ஜீப் நின்றிருந்தது. ஸ்பிரிங் மேல் ஸ்பேசர் வைத்து ரெண்டு இஞ்ச் தூக்கியிருந்தார்கள். 'எப்படி சார் இருக்கு?' என்றார் ஓனர் இளைஞர். குனிந்து பார்த்தேன். முன்சக்கரத்தைத் தாங்கும் கன்ட்ரோல் ஆர்மில் வெல்டிங் தழும்பு!

விஷயம் இதுதான் (காமர்ஸ் படித்த எனக்கு மெக்கானிக் ஒருவர் படம் போட்டு விளக்க வேண்டியிருந்தது). 2020-ல் வந்த தாரில் முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம். வண்டியைத் தூக்கினால் இவை கீழ்நோக்கிச் சரியும். நுனியிலுள்ள பால் ஜாயின்ட், வளையக்கூடிய எல்லைக்கே போய்விடும். சக்கரத்தின் கோணம் மாறி ஸ்டியரிங் அலையும், டயர் ஒருபக்கமாய்த் தேயும். இதைச் சரிசெய்யத்தான் வேறு கோணத்தில் மேல் ஆர்ம் தனியாக விற்கிறார்கள். விலை ஜாஸ்தி என்று நம்மாள் பழசையே அறுத்து ஒட்டுகிறார். வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பின் பலம் மாறிவிடும். பெயின்ட் விட்ட இடத்தை உப்பளக் காற்று பார்த்துக்கொள்ளும். வேகத்தில் அது விட்டுப்போனால் சக்கரம் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம்.

கம்பெனி வடிவத்தை மாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. அதே வருடச் சட்டத்திருத்தத்தில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை ஜெயிலும் உண்டு. இத்தனைக்கும் ஃபேக்டரியிலிருந்து வரும்போதே அந்த தாரின் வயிறு தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் உயரம். வரப்பு ஏற அது போதாதா?

'ஆஃப்ரோடு எங்கே போவீங்க தம்பி?' என்றேன்.

'ஈ.சி.ஆர்.தான் சார். பாண்டிச்சேரி வரைக்கும்.'