ஸ்தாயிக்கு ஒரு வோல்ட்

நம்மூரில் சின்தசைசர் என்றால் கீபோர்ட். கல்யாண வரவேற்பு மேடையில் இரும்புக் காலில் நிற்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் வயலின், இன்னொன்றில் புல்லாங்குழல், மூன்றாவதில் தபலாவும் சேர்ந்துகொண்டு தானே வாசிக்கும். இந்தப் பழக்கத்தோடு மாடுலர் சின்தசைசர் முன்னால் போய் நிற்பவர் முதலில் கேட்பது, "இதில் எங்கே வாசிப்பது?" என்றுதான். கட்டைகள் இருக்காது. அலுமினியப் பட்டைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் நாலைந்து குமிழ், ஏழெட்டுத் துளை. பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சைப் பார்த்தவர்களுக்கு அந்த ஞாபகம் வரலாம். கரண்டைப் போட்டாலும் மூச்சு விடாது. வயர் சொருக வேண்டும்.

ஆஸிலேட்டரின் துளையிலிருந்து ஒரு வயரை எடுத்து நேராக ஸ்பீக்கருக்குக் கொண்டுபோனால், ஓயாமல் ஒரே சுரம். ரம்பப்பல் வடிவ அலை என்றால், சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதியதுபோல் காரமாக இருக்கும். நடுவில் ஃபில்டரைச் சேர்த்துக் குமிழைத் திருகினால் காரம் அடங்கி, அடுத்த அறைக் கதவைச் சாத்தியதுபோல் மந்தமாகிறது. இதுவரை விசேஷமில்லை. இன்னொரு ஆஸிலேட்டரை, மூன்று நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும்படி மெதுவாக ஓடவிட்டு, அதன் வயரை ஃபில்டரின் கட்டுப்பாட்டுத் துளையில் சொருகினால், குமிழைத் தொடாமலே கதவு தானாகத் திறந்து மூடத் தொடங்கும். ஒலியும் மின்னழுத்தம்தான், ஒலியை ஆட்டிவைப்பதும் மின்னழுத்தம்தான். எதை எதில் வேண்டுமானாலும் சொருகலாம். மாடுலரின் மொத்த சூட்சுமமும் இவ்வளவே.

இதற்கு ஒரு பொது அளவு வேண்டியிருந்தது. ராபர்ட் மூக் 1964-இல் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சோடு சேர்ந்து, நியூயார்க் மாநிலத்து ட்ரூமன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் தன் முதல் கருவியைச் செய்தபோது வைத்த கணக்கு: மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் ஒலி ஒரு ஸ்தாயி ஏறும். இரண்டு வோல்ட்டில் 220 ஹெர்ட்ஸ் என்றால் மூன்று வோல்ட்டில் 440. ஸ்தாயியைப் பன்னிரண்டாகப் பிரித்தால் அடுத்தடுத்த இரு சுரங்களுக்கு நடுவே கிட்டத்தட்ட 83 மில்லிவோல்ட். நம் காதுக்குச் சுவையான இடம் அந்த 83-க்குள் இருக்கிறது. படிக்கட்டு கட்டைகளுக்குத்தான், மின்னழுத்தத்துக்குச் சரிவு. ஒரு காந்தாரத்தை அசைத்து நிறுத்துவதற்கு இந்தக் கருவியின் இயல்பில் தடையே இல்லை.

அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் டான் புக்லா வேறு முடிவுக்கு வந்திருந்தார். சான் பிரான்சிஸ்கோ டேப் மியூசிக் சென்டரை நடத்திய மார்ட்டன் சுபோட்னிக்கும் ரமோன் செண்டரும், மானியத்தில் கிடைத்த 500 டாலரைக் கொடுத்து அவரிடம் ஒரு கருவி கேட்டார்கள். கட்டைகளை வைத்தால் பழைய இசைதான் திரும்ப வரும் என்று நினைத்த புக்லா, விரல் படும் உலோகத் தகடுகளை வைத்தார். அந்தக் கருவியில் பிறந்த சுபோட்னிக்கின் இசைத்தட்டு 1967-இல் வந்தது. மறு ஆண்டு வெண்டி கார்லோஸ் மூக் கருவியில் பாஹின் இசையை வாசித்து வெளியிட்டார். மூன்று கிராமி விருதுகள் வந்தன. உலகம் மூக்கின் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. தெரிந்த பாட்டைப் புதுக்குரலில் கேட்பது யாருக்கும் சுலபம். கருவியின் குணத்தைப் புரிந்துகொண்டவர் என்று கேட்டால் நான் புக்லாவைத்தான் சொல்வேன்.

அந்தக் கருவிகள் சுருதியில் நிற்காது என்பதும் உண்மை. வோல்ட்டை ஸ்தாயியாக மாற்றும் டிரான்சிஸ்டர் ஜோடி, சூடு ஏறினால் கணக்கு மாறும். சூட்டுக்கேற்பத் தானும் மாறும் ஒரு ரெசிஸ்டரைப் பக்கத்தில் ஒட்டி இதைச் சமாளிக்கிறார்கள். அப்படியும் கரண்ட் போட்டு இருபது நிமிடம் காத்திருந்து சுருதி சேர்ப்பது நல்லது. மேற்கில் இதைப் பெரிய குறையாகச் சொல்வார்கள். ஏசி ஹாலில் மிருதங்கக்காரர் கல்லும் கையுமாக அரை நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்ப்பதைக் கண்டு வளர்ந்த நமக்கு இது ஒரு குறையாகவே படாது.

இந்தியாவுக்கு மூக் வந்த கதை பலருக்குத் தெரியாது. 1969-இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் மாடுலரை நிறுவி, மின்னணு இசைக்கூடம் அமைத்துக் கொடுத்தார். அங்கே வேலை செய்தவர்களில் ஒருவர் கீதா சாராபாய். 1946-இல் நியூயார்க்கில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்து, பதிலுக்கு அவரிடம் மேற்கத்திய இசை கற்றவர். ஐ.எஸ். மாத்துர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் அந்தக் கருவியில் இசை அமைத்தார்கள். 1972-க்குப் பிறகு அந்தப் பேச்சே அடங்கிவிட்டது. நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் கிடந்த டேப்புகளைக் கண்டெடுத்தவர் லண்டன் கலைஞர் பால் பர்கஸ். 2023-இல் அவை தொகுப்பாக வெளிவந்தன. கேட்டுப்பாருங்கள். யாரையும் நகலெடுக்காமல் கருவியோடு தனியாக உட்கார்ந்து செய்த வேலை என்று தெரியும்.

அகமதாபாத்தில் இது நடந்த காலத்திலேயே மற்ற இடங்களில் வயர்கள் போகத் தொடங்கின. 1970-இல் வந்த மினிமூக் எல்லா இணைப்பையும் உள்ளேயே வைத்து, கட்டைகளோடு ஒரே பெட்டியானது. 1978-இல் டேவ் ஸ்மித்தின் ப்ராஃபெட்-5 குமிழ்களின் நிலையை ஞாபகம் வைத்துக்கொண்டது. 1983-இல் யமஹா டிஎக்ஸ்7 என்ற டிஜிட்டல் கருவி வந்ததும் அனலாக் செகண்ட்ஹேண்ட் கடைக்குப் போயிற்று. அங்கே மலிவாகக் கிடைத்த ரோலண்ட் டிபி-303-ஐ சிகாகோ இளைஞர்கள் முறுக்கிப் பிழிந்து ஆசிட் ஹவுஸ் என்ற இசையையே உண்டாக்கினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1982-இல், பம்பாயின் சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங் அதே 303-ஐயும் பயன்படுத்திப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்துக்கு வாசித்து இசைத்தட்டு போட்டிருந்தார். 2010-இல் மறுபடி வெளியானபோதுதான் உலகம் அவரைக் கேட்டது.

மாடுலரைத் திரும்பக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர். 1990-களின் நடுவில் ஏ-100 என்ற வரிசையைத் தொடங்கினார். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் அவருடைய சாமர்த்தியம். சோதனைக்கூடக் கருவிகளுக்கு ஏற்கெனவே இருந்த சட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்: பட்டையின் உயரம் 128.5 மில்லிமீட்டர், அகலம் 5.08-இன் மடங்குகளில். அதோடு மின்சாரம் பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட், துளை 3.5 மில்லிமீட்டர். சுருதி மூக்குடையது, ஸ்தாயிக்கு ஒரு வோல்ட். இந்த அளவுகளை வெளிப்படையாகச் சொல்லிவிட்டதால் யார் வேண்டுமானாலும் பட்டை செய்யலாம் என்றாயிற்று. யூரோரேக் என்று இன்று அழைக்கப்படும் உலகம் இதுதான். அமெரிக்காவின் ஆஷ்வில்லில் செய்ததும் பெர்லினில் செய்ததும் ஒரே பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகின்றன. சுருதி ஒன்றானால் யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம் என்பதுபோல.

ஒரே ஓர் இடத்தில் டோப்ஃபரின் அளவு இரக்கமற்றது. பட்டையின் பின்னால் சொருகும் ரிப்பன் கேபிளின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கும். அது மைனஸ் 12 வோல்ட் பக்கம். சில சர்க்யூட் பலகைகளில் அது எந்தப் பக்கம் என்று அச்சிட்டிருக்காது. திருப்பிச் சொருகவும் முடியும். ஓர் இரவு, தூக்கக் கலக்கத்தில், நான் திருப்பிச் சொருகினேன். சத்தமில்லை. எரிந்த பிளாஸ்டிக் வாடை வந்தது, அவ்வளவுதான்.

சமீபகாலச் செய்திகளுக்கு வருவோம். மூக் மியூசிக் 2015-இல் ஊழியர்களுக்குப் பங்கு கொடுத்த நிறுவனம்; 2023 ஜூனில் இன்மியூசிக் என்ற குழுமத்திடம் விற்கப்பட்டது. அக்காய் புரொஃபெஷனல், அலிசிஸ் எல்லாம் அந்தக் குழுமத்தின் கையில்தான். மூக் நிறுவனம் இருந்த ஆஷ்வில்லில் ஆட்குறைப்பு நடந்தது. ரசிகர்கள் இழவு விழுந்ததுபோல் எழுதித் தள்ளினார்கள். மூக்கின் பெயர் கைமாறுவது இது முதல்முறையல்ல; ராபர்ட் மூக்கே தன் பெயரை இழந்து 2002-இல்தான் திரும்பப் பெற்றார். இன்னொரு பக்கம் பெரிங்கர் என்ற நிறுவனம். மூக் நிறுவனம் 2016-இல் மினிமூக்கை மறுபடி செய்து சுமார் 3,500 டாலருக்கு விற்றது. பெரிங்கர் அதே சர்க்யூட்டைச் சிறு பெட்டியில் அடக்கி அதில் பத்தில் ஒரு பங்கு விலையை ஒட்டிக் கொடுத்தது. மூக்கின் ஏணி ஃபில்டருக்கான காப்புரிமை எப்போதோ காலாவதியானது, ஆகவே சட்டப்படி தவறில்லை. எனக்குக் கூச்சம் உண்டு. வங்கிக் கடன் வாங்காமல் ஒரு மாணவன் அந்த ஒலியைக் கேட்க முடிகிறதே என்று நினைக்கும்போது அந்தக் கூச்சம் பாதியாகிறது.

பாரிஸைச் சேர்ந்த எமிலி ஜியேயின் வழி வேறு. மியூட்டபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்ற பெயரில் அவர் செய்த பிளெய்ட்ஸ், ரிங்ஸ், கிளவுட்ஸ் ஆகிய பட்டைகள் பத்தாண்டு யூரோரேக்கின் ஒலியையே மாற்றின. உள்ளே டிஜிட்டல் மூளை; அனலாக் ஆசாரம் பேசுபவர்களும் வாங்கினார்கள். சர்க்யூட் படம், நிரல் இரண்டையும் எல்லோருக்கும் திறந்து வைத்தார். 2022-இல் கடையை மூடிவிட்டார். யாரிடமும் விற்கவில்லை, அவசியமும் இல்லை. பிளெய்ட்ஸை இன்று பலர் பல அளவில் செய்கிறார்கள். பெரிங்கரும் வேறு பெயரில் செய்கிறது. விசிவி ரேக் என்ற இலவச மென்பொருளில் அது கணினித் திரையிலேயே கிடைக்கிறது. மூக்குக்கு நடந்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விற்கப்பட்ட நிறுவனத்தைவிட மூடப்பட்ட நிறுவனம் நன்றாக இருக்கிறது என்றே சொல்லத் தோன்றுகிறது.

புதிதாக ஆசைப்படுபவருக்கு, முதலில் காசு செலவழிக்காமல் விசிவி ரேக்கில் மூன்று மாதம் வயர் சொருகிப் பழகுங்கள் என்பேன். பிறகும் ஆசை அடங்கவில்லையென்றால் மூக் மதர்-32 போன்ற, வயரில்லாமலும் வாசிக்கக்கூடிய பெட்டி ஒன்று. தனித்தனிப் பட்டைகளில் இறங்குவது அதற்குப் பிறகு. கப்பல் கூலியையும் சுங்கவரியையும் சேர்த்தால் விலைப்பட்டியலைப் பார்த்துப் போட்ட கணக்கு நிற்காது. பெர்லினில் ஆண்டுதோறும் நடக்கும் சூப்பர்பூத் கண்காட்சியின் காணொளிகளைப் பார்க்காமலிருந்தால் கொஞ்சம் மிச்சமாகும்.

என் பெட்டியில் அந்த இரவு கருகியது பிளெய்ட்ஸின் ஒரு நகல். செய்து விற்றவர் இப்போது செய்வதில்லை. சர்க்யூட் படத்தை எமிலி ஜியே பொதுவில் வைத்துவிட்டுப் போனதால், எரிந்தது எந்த ரெகுலேட்டர் என்று தேடிப் பிடித்தேன். அரிசி அளவுகூட இல்லை. பூதக்கண்ணாடியும் மெல்லிய முனை சால்டரிங் அயர்னும் வாங்கிவைத்திருக்கிறேன். பலகை மேசை டிராயரில் இருக்கிறது. கேபிளில், சிவப்புக் கோட்டுக்கு மேல், மனைவியின் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன்.