ஒரு காவிக்கட்டி செய்த வேலை

சிவகாசிக்குப் பக்கத்துக் கிராமம், பொங்கலுக்கு முந்தின ராத்திரி, அத்தை வீட்டு முற்றம். காடு முழுக்கக் கரிசல், செருப்பில் அப்பியிருப்பதும் கரிசல். அதற்கு நடுவில் ஒரு மண்சட்டித் தண்ணீரில் காவிக்கட்டி ஊறி இளகி, செக்கச்செவேலென்று கரைகிறது. நினைத்துப் பாருங்கள்! முதல் மழை வாசம் சட்டிக்குள்ளிருந்து வருகிறது!

"அடியில தங்கிரும், கலக்கிக் கலக்கித் தொடுய்யா" என்றார் அத்தை. துணியை முக்கி, விரலிடுக்கில் மெல்லப் பிழிந்தபடி மாக்கோலத்தைச் சுற்றி ஒரே இழுப்பு. ஈரத்தில் அரக்கு, காயக் காயச் செங்கல் நிறம், பக்கத்து வெள்ளைக்கோடு சட்டென்று பளீர்! கைதட்டிக் குதித்தேன், நாற்பது வயதில்.

அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும் காவிதான். கோயில் மதிலில் வெள்ளையோடு மாறி மாறி ஓடுகிற காவிப்பட்டை, சாமியாரின் காவி வேட்டி, வெற்றிலை போட்டுப் போட்டுத் தாத்தா பல்லில் ஏறிய காவி, உப்புத்தண்ணியில் துவைத்த வெள்ளை வேட்டியில் ஏறுகிற காவி, சித்த வைத்தியத்தில் பூங்காவிச் செந்தூரம், இதெல்லாம் போதாதென்று அகராதியைப் புரட்டினால் காவி என்றால் கருங்குவளைப் பூவும்தானாம்! செம்மண் கல்லுக்கும் நீலப்பூவுக்கும் ஒரே பெயர், அந்தப் பூவை வைத்துத்தான் பெண்ணின் கண்ணைக் காவிக்கண் என்றார்கள் புலவர்கள், இதைக் காலையில் சொன்னால் ஆகாதா, தூங்கிக்கொண்டிருந்த அத்தையை எழுப்பியே சொன்னேன்!

இன்னும் கேளுங்கள். காவிக்குச் சிவப்பைக் கொடுப்பது ஆக்சிஜனோடு சேர்ந்த இரும்பு. கம்பி மத்தாப்பில் பொன்பொறியாகச் சிதறுவதும் இரும்புத்தூள்தான், அது எரிவதும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடித்தான்! மண்ணுக்குள் எத்தனையோ யுகமாக நடந்த கல்யாணம் கம்பி நுனியில் கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கிறது! தீபாவளி மிச்சத்தில் ஒரு மத்தாப்பைத் தேடியெடுத்துக் கோலத்தோரம் பற்றவைத்தேன். பொறி சொரியச் சொரியக் காவிக்கோடு தணல்போல் துடிக்கிறது, எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, இன்னொன்று, இன்னொன்று என்று பெட்டியே காலி!

சட்டையில் காவி பட்டால் லேசில் போகாது, உண்மைதான். படட்டுமே!

கிளம்பும்போது மிச்சக் கட்டியைப் பழைய காலண்டர் தாளில் மடித்துக் கொடுத்தார் அத்தை. விருதுநகர் தாண்டுவதற்குள் நாலு தடவை பிரித்து மோந்து பார்த்துவிட்டேன்.