மறுக்கப்பட்ட மடலும் ஏற்கப்பட்ட சாட்சியமும்: மாதவி முதல் மார்டிகர் வழக்கு வரை

முன்னுரை

ஒருவர் சொல்லின் மெய்ம்மையை அவரது ஒழுக்கத்தைக் கொண்டு அளக்கும் வழக்கம் இலக்கியத்திலும் உண்டு, நீதிமன்றத்திலும் உண்டு. பொதுமகளிர் எனச் சமூகம் ஒதுக்கிய பெண்களிடத்தே இவ்வழக்கம் மிகக் கடுமையாகச் செயற்படுகிறது. இன்று பெருநகரங்களில் எஸ்கார்ட் என்னும் பெயரில் தொழில் செய்யும் பெண்கள் தொடர்பான மிரட்டிப் பணம்பறிக்கும் வழக்குகளில் எழும் அடிப்படைச் சிக்கலும் இதுவே. சிலப்பதிகார மாதவியின் இரு மடல்களையும், மும்பையை அடுத்த பிவண்டியில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கையும் இணைத்து நோக்கி, அந்தரங்க உரிமை நல்லொழுக்கத்திற்குத் தரப்படும் பரிசா, எல்லார்க்கும் உரியதா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

மாதவியின் இரு மடல்கள்

அரங்கேற்று காதையில் மாதவியின் மாலை ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னுக்குத் தெருவில் வைத்து விலை கூறப்படுகிறது. அவளது இல்வாழ்வு தொடங்கும் இடமே பொதுவிடமாக அமைகிறது. கானல்வரியில் இருவரும் பாடுகின்றனர், இருவரும் ஐயுறுகின்றனர். ஆயினும் எழுந்து செல்லும் உரிமை கோவலனிடமே இருக்கிறது.

வேனிற்காதையில் வசந்தமாலை கொண்டுசென்ற மடலைக் கோவலன் ஏற்க மறுக்கிறான். அவன் காட்டும் காரணம் மடலின் பொருளைப் பற்றியதன்று. எழுதியவளின் தொழிலைப் பற்றியது. அவளது ஊடலையும் கூடலையும் துயரத்தையும் கண்கூடு வரி முதலாக எடுத்துக்கோள் வரி ஈறாக எட்டுவகை நடிப்பாகப் பெயரிட்டுக் காட்டுகிறான். கூத்தியல் கலைச்சொற்களே குற்றச்சாட்டாக மாறும் இடம் இது. மாதவிக்குத் தலைக்கோற் சிறப்பைத் தந்த அதே கலை, அவள் சொல் பொய் என்பதற்குச் சான்றாக்கப்படுகிறது.

புறஞ்சேரி இறுத்த காதையில் கோசிகமாணி வழியாக இரண்டாம் மடல் வருகிறது. இம்முறை கோவலன் மடலைப் படிக்கிறான். தீது அவளுடையதன்று, தன்னுடையதே என உணர்கிறான். தன் பெற்றோர்க்கு அனுப்பவும் அம்மடலே பொருத்தமானது எனக் காண்கிறான். இடைப்பட்ட காலத்தில் மாதவியின் குலமோ தொழிலோ மாறிவிடவில்லை, மாறியவன் கேட்போனே.

கோவலனின் பிரிவுக்கு ஊழைக் காரணமாகக் கூறுவது காப்பிய மரபு. எனினும் ஊழ், பிரிவை விளக்குமேயன்றி, மடலை மறுக்க அவன் தேர்ந்துகொண்ட காரணத்தை விளக்காது. அக்காரணம் சமூகம் அவன் கையில் முன்னரே கொடுத்து வைத்திருந்தது எனலாம்.

மார்டிகர் வழக்கு

1965 நவம்பரில் பிவண்டியில் காவல் ஆய்வாளர் ஒருவர் சீருடையுடன் இரவில் ஒரு பெண்ணின் குடிசைக்குச் சென்று அவளை உறவுக்கு வற்புறுத்தினார் என்பது குற்றச்சாட்டு. துறை விசாரணையின் முடிவில் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். மும்பை உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மற்றொருவருடன் தனக்கிருந்த தொடர்பை மறைக்காத ஒரு பெண்ணின் தனிச்சொல்லை நம்பி, அரசு அலுவலரின் எதிர்காலத்தை இடருக்கு உள்ளாக்கலாகாது என்பது அதன் கருத்து.

1990 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இக்கருத்தை ஏற்க மறுத்தது. ஒழுக்கம் தளர்ந்தவள் எனக் கருதப்படும் பெண்ணுக்கும் அந்தரங்கம் உண்டு. விரும்பியபோதெல்லாம் எவரும் அதனுள் நுழைய இயலாது. அவளது சாட்சியத்தை எச்சரிக்கையுடன் மதிப்பிடலாமேயன்றி, முற்றாகத் தள்ளிவிடக் கூடாது என்றது. தன் வாழ்வின் இருண்ட பகுதியை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டதை அவளது நேர்மைக்குச் சான்றாகவும் கொண்டது. உயர் நீதிமன்றம் அவளை நம்பாமைக்குக் காரணமாகக் கொண்ட அதே செய்தி, உச்ச நீதிமன்றத்தில் அவளை நம்புவதற்குக் காரணமாயிற்று. வேனிற்காதைக்கும் புறஞ்சேரி இறுத்த காதைக்கும் இடைப்பட்ட தொலைவு இது. அத்தொலைவைக் கடக்க இங்கு இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

மிரட்டலும் சமனின்மையும்

மிரட்டிப் பணம் பறிப்பவன் பெயருக்குச் சமூகம் வைத்துள்ள விலையைக் கொண்டே தொழில் செய்கிறான். நாடிச் சென்ற ஆணின் பெயர் காக்கப்பட வேண்டிய சொத்தாகக் கருதப்படுகிறது. பெண்ணின் பெயரோ முன்பே இழக்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே ஆண் புகார் செய்தால் அது புகாராகிறது. பெண் செய்தால் அது தன்னைப் பற்றிய வாக்குமூலமாகிறது. பணம் பறித்தலைக் குற்றமாக்கும் சட்டப்பிரிவு பாதிக்கப்பட்டவரின் ஒழுக்கத்தை வினவுவதில்லை. காவல் நிலையத்தின் வாயில் வினவுகிறது.

சட்டமும் முற்றிலும் சமநிலையில் இல்லை. 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, பொதுவிடத்தில் அழைப்பு விடுத்தமைக்கு முதன்முறை தண்டிக்கப்படும் பெண்ணுக்கு ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். அதே குற்றத்தைச் செய்யும் ஆணுக்குக் குறைந்த அளவு ஏழு நாள் என்றாலும், மேல்வரம்பு மூன்று மாதமே. இச்சட்டம் பாலியல் தொழிலைத் தன்னளவில் குற்றமாக்கவில்லை என்பதை 2020 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் எடுத்துரைத்து, மீட்பு என்னும் பெயரில் விடுதியில் அடைக்கப்பட்டிருந்த மூன்று பெண்களை விடுவித்தது.

மக்கள் கலைகளின் இரக்கத்திற்கும் இந்த எல்லைக்கோடு உண்டு. மும்பைத் தமிழரின் வாழ்வைப் பின்னணியாகக் கொண்டு, தாராவியைக் களமாக்கிய ‘நாயகன்’ (1987) திரைப்படத்தில் விலைமகளிர் விடுதியில் காணப்படும் நீலா, மறுநாள் தேர்வுக்குப் படிக்க வேண்டிய பள்ளி மாணவி. காண்போர் நெஞ்சம் இளகுவது அவள் களங்கமற்றவள் என்பதால். திருமணம் அவளை மீட்கிறது. அதே விடுதியின் பிற பெண்களுக்கு அத்தகைய கதை இல்லை. தகுதியுடைய பாதிக்கப்பட்டவள், தகுதியற்றவள் என்னும் பாகுபாட்டைப் படமும் தெரிந்தோ தெரியாமலோ பேணுகிறது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அளித்த நெறிமுறைகள் இப்பாகுபாட்டைத் தாண்டின என்பது குறிப்பிடத்தக்கது. கைது, சோதனை, மீட்பு ஆகியவற்றின்போது பாலியல் தொழிலாளரின் அடையாளத்தை, அவர் பாதிக்கப்பட்டவராயினும் குற்றஞ்சாட்டப்பட்டவராயினும், ஊடகங்கள் வெளியிடலாகாது என அவை கூறுகின்றன.

முடிவுரை

மார்டிகர் வழக்கில் ‘ஒழுக்கம் தளர்ந்த பெண்ணுக்கும்’ என்னும் பொருள்படும் தொடரில் உள்ள உம்மை சிந்தனைக்குரியது. இழிவு சிறப்பும்மையாக நின்று, உரிமையை வழங்கும்போதே இழிவையும் அது நிலைநிறுத்துகிறது. 2023இல் உச்ச நீதிமன்றம் வெளியிட்ட பாலினக் கையேடு அச்சொல்லாட்சியை நீக்கி, ‘பெண்’ என்றே எழுதுமாறு பரிந்துரைத்தது. உம்மை நீங்கிய பின்னரே உரிமை உரிமையாகிறது.

எனினும் ஒன்று எஞ்சுகிறது. அந்தரங்கம் உடையவள் என அறிவிக்கப்பட்ட பிவண்டிப் பெண்ணின் பெயர், அவ்வறிவிப்பைத் தாங்கிய சட்ட ஏடுகளிலேயே இன்றும் அச்சாகி நிற்கிறது. அவள் சொல்லை ஏற்ற நீதி, அவள் பெயரை மறைக்க மறந்தது. மாதவியின் மடலைக் கோவலன் ஏற்றது அவளுக்குத் தெரியாமலே போயிற்று என்பதோடு இதனையும் வைத்து எண்ணுதல் தகும்.