நாச்சியாபுரத்து நிலைக்கதவு

செட்டிநாட்டு நாச்சியாபுரத்தின் தெருக்களில் பழைய நகரத்தார் வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்தபடியே நடக்கிறார்கள். முகப்பின் உச்சியில் இருக்கும் சுதை பொம்மைகள் கண்ணை இழுக்கத்தான் செய்யும். ஆனால் வீட்டின் உண்மையான அழகு கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. அது பர்மாத் தேக்கில் செய்த நிலையும் கதவும்.

நிலைக்கு மேலே இருக்கும் சூரியப் பலகையைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நடுவில் கஜலட்சுமி, இரு பக்கமும் கொடி, கொடியில் கிளி. செதுக்கிய ஆசாரி மரத்தின் ஓட்டத்தைப் பார்த்துத்தான் உளியை வைத்திருக்கிறார். நீண்ட தண்டு ரேகையோடு சேர்ந்து ஓடுகிறது. அது வளைந்து ரேகைக்குக் குறுக்கே திரும்பும் இடம் பலவீனமானது. அங்கே தண்டைச் சற்றுத் தடிமனாக விட்டு, மேலே ஓர் இலையைப் படரவிட்டிருக்கிறார். பார்ப்பவருக்கு அது அலங்காரம், மரத்துக்கு அது முட்டு.

இவ்வளவு நுணுக்கத்தைத் தாங்கும் குணம் எல்லா மரத்துக்கும் கிடையாது. இங்கிலாந்தின் எல்ம் மரத்தில் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், எளிதில் பிளக்காது. அதனால் அங்கே வண்டிச் சக்கரத்தின் குடத்துக்கும் நாற்காலிப் பலகைக்கும் அதைத் தேடினார்கள். தேக்கின் நார் பெரும்பாலும் நேராக ஓடும். மழைக்கும் வெயிலுக்கும் அது மிகக் குறைவாகவே உப்பிச் சுருங்கும். இன்று செதுக்கிய கோடு நூறு வருஷம் கழித்தும் கோடாகவே இருக்க இந்த அடக்கம்தான் காரணம். உலர்ந்த தேக்கு கன மீட்டருக்கு ஏறக்குறைய 650 கிலோதான். உறுதிக்கு உறுதி, ஆனால் கதவைத் திறக்கிற கைக்குப் பாரம் இல்லை.

வைரம் பாய்ந்த பகுதியில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கரையானுக்கு அது ஆகாது. இரும்பு ஆணியையும் அது அரிக்க விடாது, கப்பல் கட்டுகிறவர்கள் தேக்கை விரும்பியது அதனால்தான். 1817இல் பம்பாயில் தேக்கால் கட்டிய ‘டிரிங்கோமலி’ என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. ஆசாரிக்கு மட்டும் இந்த மரம் ஒரு தொல்லை கொடுக்கும். மணலில் உள்ள அதே சிலிக்கா தேக்குக்குள்ளும் இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கிவிடும். ஒரு சூரியப் பலகை முடிவதற்குள் உளியை எத்தனை தடவை சாணைக்கல்லில் தேய்த்திருப்பார்கள் என்று நினைத்தால் அந்தக் கிளியின் இறகு இன்னும் அருமையாகத் தெரிகிறது.

மரம் வந்த வழியும் அருமையானதுதான். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. பர்மாக் காடுகளில் மரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதற்கு உள்ளே இருக்கும் வெள்ளை மரத்தையும் வைரம் வரைக்கும் வெட்டி, மூன்று வருஷம் போல நின்றபடியே காய விடுவார்கள். பிறகு வீழ்த்தி, யானை வைத்து ஓடைக்கு இழுத்து, மழைக்கால வெள்ளத்தில் விட்டு, ஐராவதி வழியாகத் தெப்பமாக ரங்கூனுக்குக் கொண்டுவருவார்கள். அந்த ஐராவதிக் கழிமுகத்தில்தான் நகரத்தார் நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்து வாங்கும் தொழில் நடத்தினார்கள். தொழிலில் வந்த பணம் தேக்காகிக் கப்பலேறி, வறண்ட சீமையில் தூணாகவும் போதிகையாகவும் உத்தரமாகவும் எழுந்தது.

இலங்கையிலிருந்து வந்த முதிரையும் சில வீடுகளில் உண்டு. பொன் நிறம், பட்டுப்போல் மினுக்கம், வெளிச்சம் பட்டால் அலை ஓடும். தேக்கில் அந்தப் பகட்டு இல்லை. வெட்டிய புதிதில் பச்சை கலந்த பொன்னாக இருந்து, வருஷம் ஆக ஆக ஆழ்ந்த பழுப்புக்கு இறங்கும். கை படும் இடங்கள் மட்டும் தனியாக மெருகேறும். கீல் இல்லாமல் குடுமியில் சுழலும் பழைய கதவைத் தள்ளிப் பாருங்கள். அத்தனை பெரிய கதவு ஒரு கைக்கு அசைந்து கொடுக்கும்.

1930களின் மந்தமும் 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததும் இந்தச் செல்வத்தின் ஊற்றை அடைத்துவிட்டன. அதற்குப் பிறகு இப்படிப்பட்ட வீடுகள் எழவில்லை. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனாலும் பாகம் பிரியும்போது வீடுகள் இடிபடுவதும், தூணும் நிலையும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குப் போவதும் நிற்கவில்லை. சுவரிலிருந்து பெயர்த்த நிலை வேறு எங்கே போனாலும் வெறும் அலங்காரப் பொருள்தான்.

இப்படி ஒரு கதவு உங்கள் வீட்டில் இருந்தால் அதன்மேல் எனாமல் பெயின்ட் அடிக்காதீர்கள். ரேகையும் உளித்தடமும் அதோடு மூடிப்போகும். உலர்ந்த துணியால் துடையுங்கள், அவ்வப்போது ஆளி விதை எண்ணெய் பூசுங்கள், மழை நீர் நிலையின் அடியில் தேங்காமல் பாருங்கள். தேக்கு நம்மிடம் கேட்பது அவ்வளவுதான்.