'ஆமா' போட ஓர் ஆள்

தமிழ் மேடைப்பேச்சைப் பற்றி நம்மவர்கள் எழுதியதை அடுக்கிப் பார்த்தால், பேசியவர் என்ன சொன்னார் என்பதே பக்கம் பக்கமாக இருக்கும். எப்படிச் சொன்னார் என்பது கணீர்க் குரல், வெண்கலக் குரல், சிம்மக் குரல் என்று இரண்டு மூன்று அடைமொழியோடு முடிந்துபோகும். குரல் எங்கே ஏறியது, எங்கே நின்றது, நின்ற இடத்தில் கூட்டம் என்ன செய்தது என்ற கணக்கே இருக்காது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க, கோவில்பட்டியைச் சுற்றி எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, சாத்தூர் என்று விரிந்து கிடக்கும் கரிசல் வட்டாரம் நல்ல இடம். பாட்டும் கதையும் நாடகமும் அரசியல் பேச்சும் இங்கே ஒன்றையொன்று ஒட்டியே வளர்ந்தவை. கேட்பவனை இணங்கவைக்கும் குரல் வித்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறியிருக்கிறது.

வில்லுப்பாட்டில் தொடங்கலாம். கோயில் கொடையில் நீண்ட வில்லைக் குடத்தின்மேல் பொருத்தி வைத்திருப்பார்கள். வில்லில் வரிசையாக மணிகள். நடுவே குழுவின் தலைவரான அண்ணாவி, கையில் வீசுகோல். குடம் அடிப்பவர் ஒரு பக்கம். உடுக்கு, தாளம், கட்டை மறுபக்கம். பார்க்கிறவர் கண்ணெல்லாம் அண்ணாவிமேல்தான் இருக்கும். ஆனால் பேச்சுக்கலை பயில வந்தவர் கவனிக்க வேண்டிய ஆள் பின்பாட்டுக்காரர், அதாவது 'ஆமா' போடுகிறவர். அவருடைய வேலை இப்படி நடக்கும்:

"அந்த ஊருல ஒரு கெணறு இருந்துச்சு."

"ஆமா!"

"கெணத்துல சொட்டுத் தண்ணி கெடையாது."

"அடப் பாவமே!"

"தண்ணியில்லாத கெணத்துக்குக் காவலுக்கு ரெண்டு ஆளு."

"அது எதுக்குண்ணே காவலு?"

மூன்று வாக்கியம், மூன்று பதில். முதல் பதில் சும்மா ஒப்புதல். இரண்டாவதில் உணர்ச்சி சேர்கிறது. மூன்றாவது கேள்வியாகிவிடுகிறது; அதுவும் கீழே உட்கார்ந்திருக்கிறவன் மனதில் அப்போதுதான் முளைத்த கேள்வி. அவன் வாய் திறப்பதற்குள் மேடையிலேயே ஒருவர் கேட்டுவிடுகிறார். சந்தேகத்தை எதிராளி கிளப்பினால் அது வாதம். நம் பக்கத்து ஆளே கிளப்பி, நாமே பதில் சொன்னால் கேட்பவன் நம்மோடு வந்துவிடுகிறான். இதில் நேரம்தான் முக்கியம். அண்ணாவி வாக்கியத்தின் கடைசிச் சொல்லைச் சற்றே தூக்கிவிட்டு நிறுத்துவார், வீசுகோல் நாணில் விழும், மணி குலுங்கும், அந்தக் குலுங்கலுக்குள் 'ஆமா' வந்து உட்காரும். சற்றுப் பிந்தினால் ஆட்டமே தொய்ந்துவிடும்.

வில்லுப்பாட்டு ஆய்வுகளில் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட ஆங்கில நூல் இன்றும் முக்கியமானது. ஏட்டில் இருக்கும் கதையைவிட அது நிகழ்த்தப்படும் விதத்தையே அவர் பின்தொடர்ந்தார். வசனமும் பாட்டும் மாறி மாறி வந்து, கதையின் உச்சத்தை நெருங்க நெருங்கத் தாளம் முடுகி, சாமியாடி எழுந்து ஆடும் கட்டத்தில் கதையும் சடங்கும் ஒன்றாகிவிடுவதைக் காட்டினார். குரலால் ஒருவரை இணங்கவைப்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. அவர் களம் பெரும்பாலும் தெற்கே நாஞ்சில் பக்கம். கரிசல் பக்கத்துக்கு, வில்லிசைக் கலைஞர் பிச்சைக்குட்டியைப் பற்றிச் சோ. தர்மன் எழுதிய நூல் இருக்கிறது. நெல்லைச் சீமையிலிருந்து சென்னைக்குப் போன சுப்பு ஆறுமுகம் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்காகக் காந்தி கதையை வில்லில் எழுதிக் கொடுத்தார். பிறகு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நடப்புச் செய்திகளையே வில்லுக்குள் கொண்டுவந்தார். 2021இல் பத்மஸ்ரீ பெற்று மறு ஆண்டு மறைந்தார். கருத்துப் பிரசாரத்துக்கு வில் ஒத்துவந்ததற்குக் காரணம், இணங்கவைக்கும் பொறி அதன் அமைப்பிலேயே இருப்பதுதான்.

இன்றைய பேச்சுப் பயிற்சிகள் இந்தப் பொறியைக் கண்டுகொள்வதில்லை. அங்கே பெரும்பாலும் ஆங்கிலக் கையேடுகளின் பாடம்தான். வாக்கியத்தின் முடிவில் குரலைத் தாழ்த்து, அப்போதுதான் உறுதி தெரியும் என்பது அவற்றில் ஒன்று. தமிழில் இதை அப்படியே செய்தால் வம்பு. நம் வாக்கியத்தில் தீர்ப்பு வாலில் இருக்கிறது. "இந்தக் கம்மாயத் தூர் வாரணும்னு நாலு வருசமா மனு குடுத்தும் ஒருத்தரும் வந்து பாக்கல" என்று ஒரு சம்சாரி சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'பாக்கல' என்ற இடத்துக்கு வரும்போது மூச்சு தீர்ந்து குரல் தரைக்குப் போய்விட்டால், நாலு வருசமும் மனுவும் காதில் விழும், குற்றச்சாட்டு விழாது. வந்தார்களா, வரவில்லையா என்பதே கடைசி அசையில்தான் தெரிகிறது. 'மனு குடுத்தும்' என்ற இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, 'ஒருத்தரும்' என்பதை ஒரு படி ஏற்றி, 'பாக்கல' என்பதைத் தாழ்த்தினாலும் தேய்க்காமல் சொல்ல வேண்டும். வில்லுப்பாட்டில் அண்ணாவி பாட்டடியின் வாலை விட்டாலும் பின்பாட்டு அதைத் திருப்பி எடுத்துப் பாடிவிடும். தனி ஆளாக மைக் முன்னால் நிற்பவருக்கு அந்தக் காப்பு இல்லை.

பழைய இலக்கணம் இந்த விஷயத்தில் ஊமை அல்ல. கண்ணிமைப்பையும் கைநொடிப்பையும் கொண்டு ஒலியின் அளவை வகுத்தது தொல்காப்பியம். எடுத்தல், படுத்தல், நலிதல் என்று ஒலிக்கும் விதத்தை உரையாசிரியர்கள் பிரித்தார்கள். செப்பல், அகவல், துள்ளல், தூங்கல் என்று பாவுக்குப் பா ஓசை சொன்னார்கள். ஆனால் இவையெல்லாம் எழுத்துக்கும் செய்யுளுக்கும் சொன்னவை. குறளில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று மூன்று அதிகாரம் உண்டு; அங்கேயும் சொல்லின் தகுதியும் அவையின் தரமும்தான் பேச்சு, குரலின் ஏற்ற இறக்கம் அல்ல. அரிஸ்டாட்டில் தன் பேச்சுக்கலை நூலின் மூன்றாம் பகுதியில் குரலின் அளவு, சுருதி, லயம் மூன்றையும் எடுத்துக்கொண்டு, உரைநடைக்கு லயம் வேண்டும், யாப்பு கூடாது என்றார். எதுகை மோனையில் ஊறிய நம் மேடைக்கு இந்தக் கண்டிப்பு கொஞ்சம் தேவைதான்.

ஓசைக்கு இன்னொரு பள்ளிக்கூடம் திண்ணை. கதை சொல்கிறவருக்கு எதிரே இருப்பவர் 'உம்' கொட்ட வேண்டும். 'உம்' நின்றால் கதையும் நிற்கும். இடைசெவல் கி. ராஜநாராயணன் இந்தக் காதோடு எழுத வந்தவர். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஊரில் கு. அழகிரிசாமியும் அவரும் பிறந்ததும், இருவருக்கும் எழுத்துக்கு நிகராகச் சங்கீதப் பைத்தியம் இருந்ததும் தற்செயலாக இருக்கலாம். விளாத்திகுளம் சுவாமிகளின் பாட்டும், கோவில்பட்டியில் வந்து குடியேறிய காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் காற்றில் இருந்த காலம் அது. கி.ரா.வின் உரைநடையை வாய்விட்டு வாசித்துப் பார்த்தால், ஒவ்வொரு பத்திக்கும் நடுவில் 'உம்' கொட்ட இடம் விட்டிருப்பது தெரியும். 1982இல் வந்த அவருடைய கரிசல் சொல்லகராதி சொற்களைக் காப்பாற்றித் தந்தது. அந்த இடைவெளியைக் காப்பாற்றியது கதைகள்தான்.

அரசியல் மேடையின் வரலாறு சற்று வேறு வழியில் வந்தது. பொதுக்கூட்டத்தில் ஜனங்களைப் பார்த்துத் தமிழில் பேசுவது ஆதிகாலத்து வழக்கம் அல்ல, அது கிறித்தவப் பிரசங்கத்தின் வழியாக வந்த புதுப் பழக்கம் என்று மானிடவியலாளர் பெர்னார்ட் பேட் வாதிட்டார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கியது அந்தப் பழக்கத்துக்கு எதிர்வினை. தூத்துக்குடியில் 1908 தொடக்கத்தில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கோரல் மில் தொழிலாளர்களுக்கு முன்னால் தமிழில் பேசியபோது அது அரசியல் ஆயுதமாயிற்று. ஒட்டப்பிடாரத்துக்காரரான வ.உ.சி. மேடையில் நின்ற சில வாரங்களில் மில் வேலைநிறுத்தம் வென்றது. மார்ச் 12இல் கைது, மறுநாள் திருநெல்வேலியில் எழுச்சி. ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' நூல் இந்த நாட்களை விரிவாகச் சொல்கிறது. அந்தப் பேச்சுகள் வழக்குக் காகிதங்களில் மிஞ்சியிருக்கின்றன. குரல் மிஞ்சவில்லை. எங்கே நிறுத்தினார், தொழிலாளி எங்கே பதில் குரல் கொடுத்தான் என்பதை அரசாங்கம் குற்றமாகக் கருதவில்லை போலும்.

நாடக மேடையில் அந்தக் குரல் பிழைத்தது. நாகலாபுரத்து மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டுகளை நடிகர் எஸ்.எஸ். விஸ்வநாததாஸ் முருகன் வேடத்தில் நின்று பாடினார். வெள்ளைக்காரப் போலீஸ் பலமுறை பிடித்துப் போனது. 1940 கடைசியில் சென்னையில் மேடையிலேயே உயிர் பிரிந்தது. ஸ்பெஷல் நாடகத்தில் இன்னும் உயிரோடு இருக்கும் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும். வள்ளியும் நாரதரும் ஒருவர் கேள்விக்கு ஒருவர் பாட்டாகவும் வசனமாகவும் பதில் தர வேண்டும். ஆர்மோனியம் சுருதியை விடாமல் பிடித்திருக்கும். எதிராளி விட்ட சுருதியிலேயே தன் பதிலை எடுப்பவருக்குத்தான் கைத்தட்டல். பட்டிமன்றம் இதன் சாதுவான தம்பி.

ஒலிபெருக்கி வந்ததும் கணக்கு மாறியது. கத்த வேண்டியதில்லை, கிசுகிசுத்தாலும் கடைசி வரிசைக்குப் போகும். அண்ணாவின் கரகரப்பும் கருணாநிதியின் கரகரப்பும் குறையாகாமல் அடையாளமானது மைக்கின் உபயம். கருணாநிதி "உயிரினும் மேலான" என்று தொடங்கி, "உடன்பிறப்புகளே" என்று முடிக்கும் நேரம் ஆரவாரம் எழும். இன்னும் பேச்சு தொடங்கவே இல்லை, ஆனால் கூட்டம் பதில் சொல்லியாயிற்று. வில்லுப்பாட்டின் 'ஆமா' மேடையிலிருந்து இறங்கி மைதானத்துக்குப் போன இடம் அது. சமூகவியலாளர் மேக்ஸ் அட்கின்சன் 1984இல் பிரிட்டிஷ் கட்சிக் கூட்டங்களின் பதிவுகளை நொடி நொடியாக ஆராய்ந்து, கைத்தட்டல் வாக்கியம் முடிந்த கையோடு, சில வேளை முடிவதற்குச் சற்று முன்பே எழுவதைக் காட்டினார். மூன்றாக அடுக்குவதும் எதிரெதிராக வைப்பதும் 'இதோ முடியப் போகிறது' என்று கேட்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. கரிசல் மண்ணின் கலிங்கப்பட்டியிலிருந்து வந்த வைகோவின் பேச்சில் இதே ஏற்பாடு நீண்ட அளவில் நடக்கும். ரோமாபுரியில் தொடங்கும் வாக்கியம் படிப்படியாக ஏறி, உள்ளூர்ப் பிரச்சினையில் வந்து உடையும். அந்த உடைப்பைக் கூட்டம் எதிர்பார்த்தே காத்திருக்கும்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. வேகமாகப் பேசுபவரை விவரம் தெரிந்தவராக ஜனங்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்று 1976இல் உளவியலாளர் நார்மன் மில்லர் குழுவினர் சொன்னார்கள். 1991இல் ஸ்மித், ஷாஃபர் இருவரும் அதைத் திருத்தினார்கள்: நம் கருத்துக்கு எதிரானவரிடம் வேகம் உதவும், ஏனென்றால் மறுப்பு யோசிக்க அவருக்கு நேரம் கிடைப்பதில்லை, ஏற்கெனவே நம் பக்கம் இருப்பவரிடம் அதே வேகம் கெடுதல், ஏனென்றால் ஆமோதிக்கவும் நேரம் கிடைப்பதில்லை. நம் தேர்தல் பேச்சாளர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். சொந்தக் கட்சிக்காரர்கள் நிறைந்த கூட்டத்தில்தான் மூச்சுவிடாமல் பொரிகிறார்கள்.

பள்ளிகளின் பேச்சுப் போட்டியைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தின் வசனத்தைச் சிவாஜியின் சுருதியிலேயே ஒப்பிக்காத பள்ளி ஆண்டுவிழா நம் பக்கம் அபூர்வம். அது நடிப்புக்கு நல்ல பயிற்சி. ஆனால் அதே சுருதியில் மரம் வளர்ப்பையும் மழைநீர்ச் சேமிப்பையும் பேசவைக்கிறார்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்ததை முழங்கிவிட்டு இறங்குகிறார்கள். எதிரே இருப்பவர் முகம் பார்த்து நிறுத்தக் கற்றுக்கொள்வதில்லை. கட்டபொம்மு கதைப்பாடலை நா. வானமாமலை பதிப்பித்திருக்கிறார். அதைப் பக்கத்துப் பையன் பின்பாட்டுப் பாட இன்னொரு பையன் சொல்லிப் பழகினால் பலன் அதிகம்.

இந்தக் களத்தில் யாரும் சரியாகக் கணக்கில் சேர்க்காதவர்கள் பெண்கள். குலவை, கும்மி, தாலாட்டு, ஒப்பாரி என்று ஓசையில் கரிசல் பெண்களுக்கு இருக்கும் தேர்ச்சி ஆண்களுக்கு இல்லை. ஒப்பாரியில் ஒருத்தி அடி எடுப்பாள். இழுப்பு வரும் இடத்தில் மற்றவர்கள் சேர்வார்கள். செத்தவர் வீட்டாரின் கஞ்சத்தனம்கூட அந்த இழுப்பில் நியாயத்துக்கு வரும். தொண்ணூறுகளில் எழுத்தறிவு புகட்ட அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் போனபோது, பாட்டும் வீதி நாடகமும்தான் அவர்களைப் படிக்க அழைத்து வந்தன. ச. தமிழ்ச்செல்வனின் 'இருளும் ஒளியும்' அந்த நாட்களின் அனுபவப் பதிவு.

இப்போது இந்தப் பெண்களுக்கு அதிகாரபூர்வமாகப் பேசக் கிடைக்கும் மேடை கிராம சபை. குடியரசு நாள், தண்ணீர் நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி, உள்ளாட்சி நாள் என்று ஆண்டுக்கு ஆறு தடவை. மைக் பெரும்பாலும் முன்வரிசையைத் தாண்டி வராது. பெண்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசுவார்கள். "எங்க தெருவுல பத்து நாளா தண்ணி வரல" என்று ஒருத்தி எடுத்தால், "ஆமா, கீழத்தெருவுலயும் வரல", "வந்தாலும் ரெண்டு கொடம் தேறாது" என்று நாலு பக்கமிருந்தும் சேரும். ஒப்பாரியின் அதே அமைப்பு, அதே நேரக்கணக்கு. கேட்டுக்கொண்டிருக்கும் அதிகாரிக்கு மட்டும் அது கூச்சலாகப் படுகிறது. "ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் பேசுங்கம்மா" என்கிறார். முதல் ஆள் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாதிக் குரலில் சொல்லி முடிக்கிறாள். இரண்டாவது ஆள், "அவ சொன்னதுதான் சார்" என்று எழாமலே சொல்லிவிடுகிறாள்.