யுனிக்ஸ் கைந்நூலின் உரைநடை: ஒரு மதிப்பீடு

வாகடங்களுக்கும் கணக்கதிகாரத்துக்கும் இலக்கிய வரலாற்றிலே இடமளிக்கும் தமிழாய்வுலகு, கணினிச் செய்நிரல்களுடன் வழங்கப்படும் கைந்நூல்களை உரைநடையெனக் கொண்டு நோக்குவது அரிது. அவை எழுத்தல்ல, வெறும் அறிவுறுத்தல் என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகலாம். ஆயின் யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையின் கைந்நூலையும், அதன் வழிவந்த திறந்த மூல முறைமைகளின் கைந்நூல்களையும் பொறுத்தவரை இவ்வெண்ணம் பொருந்தாது. அவை தமக்கெனத் திட்டமான வடிவமும் நடையும் கொண்டவை. அந்நடையின் ஏற்றத்தாழ்வுகளுக்குச் சமூகக் காரணங்களும் உள.

யுனிக்ஸ் கைந்நூலின் முதற் பதிப்பு 1971 நவம்பர் 3ஆந் திகதியிடப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகிய இருவரும் அதன் ஆசிரியர்கள். பெயர், வழங்கும் முறை, விவரணம், தொடர்புடைய கோப்புகள், ஒப்புநோக்கத்தக்கவை என ஒவ்வொரு கட்டளையும் ஒரே ஒழுங்கில் விளக்கப்பட்டது. இவற்றோடு இரு தலைப்புகள் தனிக் கவனத்துக்குரியன. ஒன்று 'உரிமையாளர்': அக்கட்டளைக்குப் பொறுப்பானவர் யார் என்பதை அது சொல்லியது. மற்றையது 'வழுக்கள்': செய்நிரலை ஆக்கியவரே அதன் குறைகளை அங்கு எழுதிவைத்தார். விற்பனைப் பொருளொன்றின் கைந்நூலில் இத்தகைய தலைப்பைக் காண்பது எளிதன்று.

இத்தலைப்பின் பயன் வாசகருக்கு மட்டும் உரியதன்று. பெல் ஆய்வுகூடத்தில் இப்பணியை வழிநடத்திய டக்ளஸ் மக்கில்ரோய் கூறுவது போல, கைந்நூலின் புதிய பதிப்பொன்று வெளிவரும் வேளைதோறும் செய்நிரல்களே திருத்தியமைக்கப்பட்டன. குறையை எழுத்தில் வடிக்க முற்பட்டபோது அதனை அச்சிலேற்ற நாணிச் செய்நிரலையே மாற்றினர். ஆகவே கைந்நூலே செய்நிரலின் முதல் விமர்சகனாயிற்று எனலாம். அதன் சிறப்பு இதிலேயே தங்கியுள்ளது, சுருக்கத்திலன்று.

பிற்காலத்தில் நேர்ந்த இழப்பை இவ்வடிப்படையிலேயே அளவிடல் வேண்டும். 1983இல் ரிச்சர்ட் ஸ்ரோல்மன் அறிவித்த குனூ திட்டம் ஒற்றைப் பக்கக் குறிப்பை இரண்டாமிடத்துக்குத் தள்ளி, பொருள்வாரியாக அமைந்த முழுநூலை முதன்மைப்படுத்தியது. கற்போனுக்கு அகரவரிசைப் பட்டியலிலும் பொருள்வாரியான நூலே உதவும் என்ற அதன் வாதம் நியாயமானதே. ஆனால் வாசகர் பழக்கத்தால் முதலில் திறப்பது பழைய பக்கத்தையே. கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்.எஸ்.' கட்டளைக்கான குனூ பக்கத்தைப் பார்த்தால், தெரிவுகள் அகரவரிசையில் நிற்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு ஓரிரு வரி விளக்கம். இறுதியில் முழு விவரம் வேறிடத்தில் உண்டென்ற அறிவித்தல். அப்பக்கத்தை ஒருவர் அமர்ந்து எழுதவில்லை என்பதே இதிலும் முக்கியமானது. செய்நிரல் தன்னைப்பற்றித் தானே அச்சிடும் உதவிக் குறிப்பிலிருந்து அது பொறிமுறையாகப் பிறப்பிக்கப்படுகின்றது. தன் வாய்மொழியையே திருப்பி ஒப்புவிக்கும் பக்கம் தன்னை எவ்வாறு விமர்சிக்கும்?

இப்பக்கங்கள் மிகச் சுருங்கியவை, ஆதலால் விரித்தெழுதப்படல் வேண்டும் என்பது பொதுவாகக் கேட்கும் முறைப்பாடு. இது நோயைச் சரியாக இனங்காணவில்லை. பெல் ஆய்வுகூடத்தில் எழுதியவரும் வாசித்தவரும் பெரும்பாலும் அடுத்தடுத்த அறையினர்; சூத்திரம் போன்ற வாசகம் அவர்களுக்குப் போதியதாயிற்று. இன்றைய வாசகருக்கு வேண்டியது நீண்ட பாடமன்று, எடுத்துக்காட்டே. நன்னூலார் சுருங்கிய காண்டிகையுரைக்கும் கருத்து, பதப்பொருள் என்பவற்றோடு காட்டினையும் உறுப்பாக விதித்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. பத்துத் தெரிவுகளை விளக்கும் பத்து வாக்கியங்களைவிட, அவற்றுள் மூன்று ஒன்றுசேர்ந்து இயங்கும் ஒரே கட்டளை வரி கூடுதலாக உணர்த்தும்.

1995இல் தோன்றிய ஓப்பின் பீ.எஸ்.டீ. முறைமை இவ்விடயத்தில் பாராட்டுக்குரியது. கைந்நூற் பிழையும் செய்நிரல் வழுவாகவே அங்கு கருதப்படுகின்றது. கட்டளையின் நடத்தையை மாற்றுபவர் அதன் பக்கத்தையும் உடன் திருத்துவார் என்பது அங்குள்ள எதிர்பார்ப்பு. அப்பக்கங்களின் நடை வரண்டதே. எனினும் அவற்றை நம்பலாம்.

இத்தகைய எழுத்து எவருடைய உழைப்பால் நிலைக்கின்றது என்ற வினாவை விமர்சனம் ஒதுக்கிவிட முடியாது. லினக்ஸ் கருவின் இடைமுகங்களை விளக்கும் கைந்நூற் பக்கங்களை 2004 முதல் பல ஆண்டுகள் பேணிய மைக்கல் கெரிஸ்க், ஆவணப்படுத்தும் முயற்சியே இடைமுகத்தின் வடிவமைப்புப் பிழைகளை வெளிக்கொணர்கின்றது என வலியுறுத்தி வந்தவர். மக்கில்ரோய் கண்ட அதே உண்மை இது. அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற அலெஹாந்திரோ கொலமார், ஊதியமின்றித் தொடர இயலாமையால் 2024 செப்ரெம்பரில் பணியை நிறுத்திவைப்பதாக அறிவித்தார். உலகெங்கும் வணிக நிறுவனங்களின் சேவையகங்கள் லினக்ஸிலேயே இயங்குகின்றன. அதன் கைந்நூலைப் பேணிய ஒருவருக்கோ சம்பளமில்லை. செய்நிரல் எழுதுவது உற்பத்தி, அதனை விளக்கி எழுதுவது ஓய்வுநேரத் தொண்டு என்னும் பாகுபாடு இங்கு அப்பட்டமாகத் தெரிகின்றது. அவ்வறிவித்தலின் பின்னரே சில நிறுவனங்கள் நிதியளிக்க முன்வந்தன. பணியும் மீளத் தொடங்கியது.